ஜெரின் தாங்கிய அளவு

என் மகன் ஜெரினுக்கு ஒன்பது வயதில் எலும்புப் புற்றுநோய் வந்தது. புற்றுக்கட்டியை மட்டும் குறிவைக்கும் புதிய மருந்தை, அதைப் பரிசோதித்துவந்த மருத்துவமனை எங்கள் வீட்டில் வைத்த பெட்டி தினமும் காலையில் கலந்து கொடுத்தது. அதற்குமுன் "வலி எவ்வளவு?" என்று அவனிடமே கேட்கும். பத்துக்கு ஐந்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவிடும். அதனால் இரண்டு என்று சொல்ல நான்தான் அவனைப் பழக்கினேன்.

"ரெண்டு" என்பான். பிறகு என் பக்கம் திரும்பி, "எட்டுப்பா. இந்தப் பெட்டிக்கு ஒரு மண்ணும் தெரியல" என்று சிரிப்பான்.

அவன் போய் இரண்டு வருடம் கழித்து, மருத்துவமனை நடத்திய நினைவுக் கூட்டத்தில் ஒரு தாய் தன் மகளோடு என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, டாக்டர் சொன்னாவ, ஒங்க பையன் தாங்குன மருந்தளவத்தான் இப்ப எல்லாப் பிள்ளைகளுக்கும் குடுக்காவ. இவதான் தெனமும் கெடந்து கத்துகா. அந்த அண்ணன் ரெண்டுன்னு சொல்லலியா, ஒனக்கு மட்டும் என்னட்டின்னு அதட்டுவேன்."

உண்மையைச் சொன்னால் அளவைக் குறைப்பார்கள்; இவள் வலியும் குறையும். ஆனால் மகனைப் பொய் சொல்ல வைத்தவன் நான் என்பதும் அந்தக் கூட்டத்துக்கே தெரிந்துவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே அழ மாட்டேன் மாமா" என்றாள்.

நான் அவள் தலையைத் தடவி, "நல்ல பிள்ளை" என்றேன்.