நனைந்த வேட்டி

ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. ஜவ்வரிசி மில்லின் புளித்த வாடை ஜன்னல் வழியே வருகிறது. பங்காளி வீட்டுக் கல்யாணத்திலிருந்து நேராக ஓடிவந்த வெள்ளியங்கிரி, சலவை வேட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மடியில், பேதியாகித் துவண்டுபோன மகன். கண்கள் குழிவிழுந்து கிடக்கின்றன. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை நர்ஸ் அன்னாள் டம்ளரில் நீட்டுகிறாள். கரண்டியைப் பிடித்திருக்கும் தாய் வசந்தாமணி தயங்குகிறாள். "தண்ணி குடுத்தா இன்னும் போகுமுங்களே நர்சம்மா. அதனாலதானுங்க நேத்திருந்து சொட்டுத் தண்ணி காட்டாம வெச்சிருக்கறேன்." அன்னாள் திட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக் கரண்டியைக் குழந்தையின் உதட்டுக்குக் கொண்டுபோகிறாள். "போறது போகட்டும் கண்ணு, நீ குடுத்துக்கிட்டே இரு. ஒண்ணுக்குப் போயிட்டான்னா பயமில்ல." ஒவ்வொரு கரண்டிக்கும் குழந்தையின் தொண்டை மெல்ல ஏறி இறங்குகிறது; கூடவே வெள்ளியங்கிரியின் தொண்டையும். டம்ளர் காலியாகி மறுபடி நிறைகிறது. ஜன்னல் வெயில் நகர்ந்து அவர் காலடிக்கு வந்துவிட்டது. அப்போது மடியில் வெதுவெதுப்பாக ஓர் ஈரம். சலவை வேட்டியில் மஞ்சளாகப் பரவும் சிறுநீரைக் குனிந்து பார்த்து அன்னாள் சிரிக்கிறாள். வசந்தாமணி பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிறாள். வெள்ளியங்கிரி அசையவில்லை. "எடுக்காத, உடு. இன்னுங் கொஞ்சம் பேஞ்சுக்கட்டும் எஞ்சாமி."