ஈரக்கயிறு

குளம் வறண்டு வெடித்து, ஆழ்துளைக் கிணறும் வெறுங்காற்றைக் கக்கத் தொடங்கியபின், செங்கோடன் கடைசியாக மிஞ்சிய காரிப் பசுவையும் விற்க ஒப்புக்கொண்டான். மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. வளர்த்தவனே அவிழ்த்து வைத்துக்கொள்வது வழக்கம். கழுத்து முடிச்சை அவிழ்த்தான். கயிறு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பிழிந்தான், விரலிடுக்கில் பாசி வழுவழுத்தது.

“மாட்டக் கழுவுனியா புள்ள?”

“குடிக்கவே தண்ணியில்லீங்க, கழுவறதா?” என்றாள் அவன் மனைவி பாவாயி.

நேற்று முழுக்கக் கட்டுத்தறியை விட்டு அசையாத மாடு அது.

“நம்ம கயித்தப் போட்டரலாமுங்களா?” என்று மாட்டை வாங்க வந்திருந்த வியாபாரி புதுக்கயிற்றோடு நெருங்கினார். அதற்குள் கயிறில்லாத காரி வறண்ட குளத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தது. தடுப்பதா, பின்னால் போவதா என்று தெரியாமல் செங்கோடன் கீழே பார்த்தான். புழுதியில் அது பதித்துப்போன ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் தேங்கியிருந்தது.