மாத்திரை போட்டியா?

புத்தூரில் அந்தத் தெருவின் பழைய குடும்பங்களில் மிச்சம் பாக்கியமேரி மட்டும்தான். மற்ற வீடுகளெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் அறைகளாகிவிட்டன. தினமும் புதுமுகங்கள்.

மாதாமாதம் பிரஷர் பார்க்க வரும் நர்ஸ் ஜோதிக்கு ஓர் ஆச்சரியம். தனியாக இருப்பவர்கள் மாத்திரையை மறந்துவிடுவார்கள். இவருக்கு ஒருநாள்கூடத் தவறியதில்லை. எப்படி என்று பாக்கியமேரியிடமே கேட்டாள்.

"பக்கத்து வீட்டு கேத்தரினக்கா காலைல சொம்பால சுவரைத் தட்டி, மாத்திரை போட்டியான்னு கேக்கும். பதில் சொல்ற வரைக்கும் விடாது. இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான்."

ஜோதி முற்றத்துச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அங்கே வீடே இல்லை. இடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். பள்ளம் நிறைய மழைத்தண்ணீர்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"அக்கா செத்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா," என்றபடி பாக்கியமேரி மாத்திரையை உள்ளங்கையில் எடுத்தார்.

ணங், ணங் என்று சுவர் அதிர்ந்தது.

"பாக்கியம், இன்னிக்கு மாத்திரை வேணாம்."

"சரிக்கா."

மாத்திரையை டப்பாவிலேயே திருப்பிப் போட்டார். உள்ளே போய் பீரோவைத் திறந்து, கோயிலுக்குக் கட்டும் புடவையை எடுத்தார். ஜோதி தன் பையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினாள். பின்னாலிருந்து பாக்கியமேரியின் குரல் நிதானமாக வந்தது.

"கேட்டைச் சாத்தாம போங்கம்மா. தெருக்காரங்க எல்லாரும் வருவாங்க."