தனியாள்

“தனியாளா?” என்று கேட்டாள் பச்சையம்மா.

“ஆமாம்மா. இங்க பேக்டரில வேலை,” என்றான் பொன்னுரங்கம்.

திருவொற்றியூரில் தனியாள் என்றதும் மற்ற வீடுகளில் கதவைச் சாத்திவிட்டார்கள். இவள் சாத்தவில்லை.

“பின்பக்க ரூமு காலியாத்தான் கீது. தனி வழி. எங்கூட்டுக்காரரும் பினாங்குல இப்டித்தானே வூடு தேடி அலஞ்சிருப்பாரு! போயி ரெண்டு வருசம் ஆவுது.”

“கடுதாசி வருதா?”

“எழுதத் தெரியாது. ஊருக்கு வர்றவங்க கையில பணம் குடுத்தனுப்புவாரு. பினாங்கு ரொம்ப தூரமாண்ணே?”

“தூரந்தாம்மா,” என்றான் பொன்னுரங்கம். அவனும் பினாங்குக்குப் புறப்பட்டவன்தான். போன மாதம் ராயபுரத்தில் தெருவே திரண்டு மாலை போட்டு அனுப்பியது. ஏஜென்ட் கொடுத்த டிக்கெட் பொய் என்று துறைமுகத்தில்தான் தெரிந்தது. எந்த முகத்தோடு வீடு திரும்புவது? அவன் பினாங்கில் இருப்பதாகவே பெண்சாதி குணசுந்தரி நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

“அதோ, அவரு போட்டோ.”

பார்த்தான். கோட்டு, டை எல்லாம் இருந்தன. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பும் இருந்தது.

“இன்னாண்ணே, அப்டிப் பாக்குறே?”

“ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் கீறாரு.”

சாவியை வாங்கிக்கொண்டான்.

புறப்படுவதற்கு முந்தின வாரம், பெண்சாதிக்குத் துணையாக இருக்கட்டும் என்று, தன் வீட்டு முன்னறையை அவன் வாடகைக்கு விட்டது போட்டோவில் இருந்த இந்த ஆளுக்குத்தான்.

அந்த ஆளும் தனியாள் என்றுதான் சொன்னான்.