முதல் புரூஃப்

அவன் தாளை அவள் மேசையில் வைத்துவிட்டு நிற்காமல் போனான்.

மற்ற நாளில் நின்று, அவசரம் என்று சொல்லிவிட்டுத்தான் போவான். அந்த அச்சகத்துக்கு வரும் கல்யாணப் பத்திரிகை எல்லாமே அவசரம்தான்.

அவள் முதல் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

தேதிக்கு இடம் காலியாக விட்டிருந்தது. மண்டபத்துக்கும். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

‘கேட்டு கொள்கிறோம்.’ நடுவில் க் இல்லை. பதினோரு வருஷமாக அவன் அந்த க்-ஐ விடுகிறான். பதினோரு வருஷமாக அவள் போடுகிறாள்.

ஸ்கேல் கீழே இறங்கியது.

மணமகன்: ம. ஞானசேகர்.

அவன் பெயர்.

மணமகள்: பூ. திலகவதி.

அவளுடையது.

பிழை இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தாள். இல்லை.

ஊரில் பாதிப் பேருக்கு அவர்கள் விஷயம் தெரியும். மீதிப் பேர் தெரியாத மாதிரி இருந்தார்கள். அவள் அப்பா மட்டும் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். வேறு ஜாதிப் பையனா, என் உசுரு இருக்கிற வரைக்கும் நடக்காது என்றார்.

அதை அவள் அவனிடம் பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொன்னாள். அப்பா காலத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம் என்றும் சொன்னாள். அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு கேட்டதே இல்லை. அவள் அப்பாவைப் பார்க்கப் போனதும் இல்லை.

இன்றைக்குக் கேட்டிருக்கிறான். பதினாலு பாயிண்ட் எழுத்தில்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பத்தேழு வயதில் இப்படி இருக்கலாமா என்று தெரியவில்லை. இருந்தது.

அடுத்த வரிக்கு ஸ்கேலை நகர்த்தினாள். பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில்.

‘தெய்வத்திரு. ச. பூவலிங்கம் – பாக்கியம் ஆகியோரின் மூத்த மகள்.’

தெய்வத்திரு.

செத்தவர்களுக்குப் போடுவது.

காலையில் அப்பா ஆறு இட்லி சாப்பிட்டார். சட்னியில் உப்பு இல்லை என்று சத்தம் போட்டார்.

அவனைக் கூப்பிட்டாள். வந்தான். அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

அவன் படித்தான். முகம் வெளிறிப் போனது. பழைய ஃபைல் மேலேயே அடித்தேன், அதில் இருந்தது விட்டுப் போச்சு என்றான்.

நடக்கிற காரியம்தான். ஒரு வீட்டுப் பத்திரிகையின் மேலேயே அடுத்த வீட்டுப் பெயர்களை மாற்றி அடிப்பார்கள். ஒரு முறை ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் வேறு வீட்டு மாப்பிள்ளையே நின்றிருந்தான், புரூஃப் வரைக்கும்.

ஆனால் கடைசியாக வந்தது மரக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். நேற்று அவள்தான் திருத்தினாள். அதில் இரண்டு பக்கத்து அப்பாக்களும் உயிரோடு இருந்தார்கள்.

அதை அவள் சொல்லவில்லை.

சிலருக்கு நாக்கில் சனி. இவனுக்கு விரலில்.

கோபம் வரும் என்று இருந்தாள். வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவன் அடித்தது அவள் சொன்னதைத்தான். அப்பா காலத்துக்கு அப்புறம். ஒரு மனுஷர் எப்போது சாவார் என்று இரண்டு பேரும் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். தினமும் டீ குடித்துக்கொண்டு. இவன் அதை எழுத்தில் போட்டுவிட்டான், அவ்வளவுதான்.

பேனாவை எடுத்தாள். ‘தெய்வத்’ வரைக்கும் அடித்தாள்.

திரு மிச்சம் இருந்தது.

அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் மாதிரி.

“திருத்தி, நல்ல அட்டையில ஒண்ணு எடுங்க. அப்பாகிட்ட நீங்கதான் கொண்டாந்து குடுக்கணும். இன்னைக்கே.”

அவன் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

உங்கப்பாவை நான் என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டான்.

அவளும் யோசித்தாள். சார் என்றால் ஆபீஸ் மாதிரி இருக்கும். ஐயா என்றால் மனு கொடுக்க வந்த மாதிரி.

மாமா, என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவனுக்கே கேட்காத குரலில்.

அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னாள்.