துரை விட்டுப்போன மோட்டார்

"ஒரு மரை விடாம எழுதணும், செல்வராணி. இவன் கழட்டுறதை எல்லாம் திரும்ப மாட்டுறானான்னு பாரு. கண்ண எடுக்காதே."

மகளைக் கொட்டகை வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வைத்துவிட்டு, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ராஜசேகரன் மீசையை நீவிக்கொண்டார். ஃபிட்டர் அர்ச்சுனன்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அந்த ரப்பர் தோட்டத்தில் தன்னைத் தவிர வேறு யார்மேலும் கிடையாது.

ரப்பர் விலை விழுந்த வருஷம் சீமைக்குக் கப்பலேறிய துரை விட்டுப்போன மோட்டார் வண்டி அது. இரண்டு வருஷமாகக் கொட்டகையில் கிடந்தது. திங்கட்கிழமை சிகாமட் ரயிலடியில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிறார்கள். அவர்களை அதில் ஏற்றி வந்து அசத்த வேண்டும் என்று கிராணிக்கு ஆசை.

மாப்பிள்ளையும் கிராணிதான், பெரிய தோட்டத்தில். வயது நாற்பத்தெட்டு. இரண்டு மனைவிகளை வழியனுப்பிவைத்தவர். செல்வராணிக்குப் பத்தொன்பது. அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க எஞ்சின் அசையவே இல்லை.

"பிஸ்டன் துருப்பிடிச்சு சிலிண்டரோட ஒட்டிக்கிச்சுங்க. பலமா சுத்தினா உடைஞ்சிடும். மேல ஓட்டை வழியா மண்ணெண்ணெய் ஊத்தி, விடியிற வரைக்கும் ஊற விடணும்" என்றான் அர்ச்சுனன்.

"மோட்டார் ஓட்டச் சொன்னா ஊறுகாயாடா போடுறே?"

சனிக்கிழமை எஞ்சின் சுற்றியது, ஆனால் பெட்ரோல் பற்றவில்லை. பொறி கொடுக்கும் பெட்டிக்குள் ஈரம். அர்ச்சுனன் அதை அப்பளம் மாதிரி வெயிலில் காய வைத்தான். பிறகு கார்புரேட்டரைக் கழற்றினால், உள்ளே பலாப் பிசின்போல் ஏதோ அப்பிக்கிடந்தது.

"பெட்ரோல் எப்படிப் பிசினாச்சு?" என்று கேட்டாள் செல்வராணி.

"லேசா இருக்கிறதெல்லாம் ஆவியாப் பறந்துடுங்க. கனமானது அங்கேயே தங்கிடும். அதான் சும்மா நிக்கிற வண்டிதான் சீக்கிரம் கெட்டுப்போவும்."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். கேள்விமேல் கேள்வி கேட்டாள்; அவனும் சளைக்காமல் சொன்னான். நோட்டில் பதினோரு பக்கம் நிறைந்ததைப் பார்த்துக் கிராணிக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் பொண்ணுகிட்ட ஒரு வாஷர் தப்ப முடியாது" என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஞாயிறு சாயங்காலம் எஞ்சின் பிடித்தது. புகைக்குழாயிலிருந்து ஒரு எலிக்கூடு பறந்து கோழிகள்மேல் விழுந்தது. கிராணி தாவி ஏறி, துரையைப்போல் நிமிர்ந்து உட்கார்ந்து, அர்ச்சுனன் காட்டிய இடது பெடலை அழுத்தினார். எஞ்சின் உறுமியது. வண்டி இம்மியும் நகரவில்லை.

அர்ச்சுனன் காலடிப் பலகையைத் தூக்கி, மூடியைத் திறந்து, உள்ளே காட்டினான்.

"மூணு உருளை இருக்குங்க. ஒவ்வொண்ணச் சுத்தியும் ஒரு பட்டை. பெடல மிதிச்சா பட்டை இறுகி உருளையப் பிடிக்கும். ஒரு பட்டை முன்னால போவ, ஒண்ணு பின்னால போவ, ஒண்ணு பிரேக். அதிகமா தேயிறது முன்னால போற பட்டைதான். அது நூல் நூலா உளுத்துப்போச்சு. மத்தது ரெண்டும் புதுசாட்டம் இருக்கு."

"ஓடாத வண்டிக்கு பிரேக் எதுக்குடா?"

"பட்டை சிங்கப்பூர்ல இருந்து வரணுங்க. பத்து நாளாவது ஆகும்."

"அலமாக்! அப்போ சம்பந்திய மாட்டு வண்டியிலயா ஏத்துறது? நாளைக்கு விடியும்போது உன் மூஞ்சி இந்தத் தோட்டத்துல இருக்கக் கூடாது!"

விடிந்தபோது அவன் மூஞ்சி இல்லை. மோட்டாரும் இல்லை. செல்வராணியும் இல்லை.

கொட்டகை வாசலில் நோட்டு மட்டும் இருந்தது. கழற்றியது, மாட்டியது எல்லாம் சரியாக எழுதியிருந்தது. ஒரு மரைகூடக் குறையவில்லை.

"முன்னால போவாதுன்னு பொய் சொல்லி ஏமாத்திட்டானே!" கிராணி சைக்கிளில் பாய்ந்தார்.

தோட்டத்து மண்சடக்கு பெரிய ரோட்டில் போய் முட்டும். இடப்பக்கம் ஐந்து மைலில் சிகாமட். எட்டு மணிக்கு அங்கே ஒரு ரயில். வலப்பக்கம் யோங் பெங். முக்கில் அங்கம்மா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், மோட்டாரப் பார்த்தியா?"

"பார்த்தேங்க. அது மூஞ்சி யோங் பெங் பக்கமா இருந்துச்சு. ஆனா..."

"ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம்!"

கிராணி வலப்பக்கம் திரும்பி மிதித்தார். ஒன்பது மைல் மிதித்தார். வழியில் இருந்த காப்பிக்கடையில் நிறுத்தி விசாரித்தார். காலையிலிருந்து அந்தப் பக்கம் ஒரு ஆடுகூடப் போகவில்லை என்றார்கள்.

உச்சி வெயிலில், காற்றுப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முக்குக்குத் திரும்பி வந்தார். அங்கம்மா புல்லுக்கட்டின்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"என்கிட்டயே பொய் சொல்றியா? யோங் பெங் பக்கம் ஒரு வண்டியும் வரலையாம்!"

அங்கம்மா சாற்றைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"பொய் எதுக்குங்க ஐயா? மூஞ்சி அந்தப் பக்கந்தான் இருந்துச்சு; வண்டியப் பின்னாலயே ஓட்டிக்கிட்டு சிகாமட்டுக்குப் போனாங்க."