அமலராணி டீச்சர் சொன்ன வழி

"பஸ்ல ஏறும்போது கார்டைத் தட்ட யாரும் மறக்க மாட்டாங்க, ஹம்ஸா டீச்சர். இறங்கும்போதும் தட்டணும். மறந்தா கடைசி ஸ்டாப் வரைக்கும் காசு எடுத்துருவான்."

அமலராணி சொல்லச் சொல்ல, ஹம்ஸா நோட்டில் எழுதிக்கொண்டாள். உறையூரில் ஒரே பள்ளியில் இருவரும் பதினாறு வருடமாக ஆசிரியைகள். மதியச் சாப்பாடு ஒரே மேஜையில்தான்.

ஹம்ஸாவின் மகள் அம்ருதாவுக்குச் சிங்கப்பூரில் பிரசவம். ஸ்ரீரங்கத்தை விட்டால் சென்னை வரை மட்டுமே போயிருந்தவளுக்கு அடுத்த வாரம்தான் முதல் விமானப் பயணம். அமலராணியோ இரண்டு வருடத்தில் மூன்று முறை போய் வந்தவள். அவள் மகன் ஆசீர் அங்கேதான் இருந்தான்.

"மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது. ஆஸ்பத்திரிக்கும் ஆத்துக்கும் நான்தான் தனியா அலையணும். டாக்சியில போயிடட்டுமா?"

"மழை வந்தா டாக்சி ரேட் எக்கச்சக்கமா ஏறிரும். ரயில்ல போங்க. நகர்ற படிக்கட்டுல இடது பக்கமா ஒதுங்கி நில்லுங்க. ரயிலுக்குள்ள தண்ணி கூடக் குடிக்காதீங்க, அபராதம்."

"வழி தப்பிட்டா?"

"ஒவ்வொரு பஸ் ஸ்டாப்புக்கும் நம்பர் போட்டிருப்பான், அதைப் பார்த்துக்கங்க. நான் ஒரு தடவை எதிர்த்திசை பஸ்ல ஏறிட்டேன். ஒரு மணி நேரம் போச்சு. நடுரோட்டுல நின்னு அழுதேன்."

"ஒரு மணி நேரத்துக்கா அழுதேள்?" என்று ஹம்ஸா சிரித்தாள். "சரி, சுத்திப் பாக்க என்னெல்லாம் இருக்கு? மிருகக்காட்சி சாலை பெரிசாமே?"

"நான் போகலை."

"அந்த செந்தோசா தீவு?"

"அதுவும் போகலைங்க."

"மூணு தடவை போயிட்டு என்னதான் பாத்தேள்?"

"ஆசீரைப் பார்த்தேன்." அமலராணி டிபன் பாக்ஸை மூடினாள்.

"ஆசீர் கம்பெனி வேன் ஓட்டறான்னேளே? ஒரு ஞாயித்துக்கிழமை என்னை அழைச்சுண்டு போகச் சொல்லுங்கோளேன்."

"அவனுக்கு லீவே கிடைக்காது."

"நம்பராவது குடுங்கோ. தெரியாத ஊர், ஒரு அவசரம்னா?"

"நம்பர் மாறிருச்சு. அப்புறம் தரேன்."

ஹம்ஸா விமானம் ஏறும் நாள் வரை அவள் தரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஹம்ஸா திரும்பி வந்தாள். அமலராணி சொன்னபடியே போனதில் ஒரு நாள்கூட அவளுக்கு வழி தப்பவில்லை. ஆனால் மதியம் டிபன் பாக்ஸோடு பேட்ரிசியா டீச்சரின் மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"பெத்த பிள்ளையோட நம்பர் தெரியாதாம். இருக்குமா டீச்சர்?" என்று அமலராணி காதில் விழும்படி கேட்டாள்.

பத்து நாள் அப்படியே போனது. ஒரு சாயங்காலம், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்த ஹம்ஸாவின் பக்கத்தில் அமலராணி வந்து நின்றாள்.

"கோவமா?"

"கோவம் என்ன? அம்ருதா கல்யாணத்துல காந்தி மார்க்கெட்டுக்கும் மண்டபத்துக்கும் நடையா நடந்தவன் ஆசீர். அவனுக்கு நான் பாரமாயிடுவேன்னு நெனைச்சுட்டேளே, அதான் தாங்கலை."

அமலராணி ஹம்ஸாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் வெளிநாடே வேண்டாம்னான், டீச்சர். இங்கயே டாக்சி ஓட்டிப் பொழைச்சுக்கறேன்மான்னு கெஞ்சினான். நாலு பேர் பிள்ளை மாதிரி நீயும் போயேன்டான்னு நான்தான் விரட்டினேன். வேண்டாம்னவனை அனுப்பியிருக்கவே கூடாது."

ஸ்ரீரங்கம் பஸ் வந்து நின்றது. அவள் கண்களைப் பார்த்த ஹம்ஸா ஏறவில்லை. பஸ் புறப்பட்டுப் போனது.

"என்ன ஆச்சு அமலா? அவனுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"அவன் நல்லாத்தான் இருக்கான். தூக்கக் கலக்கத்துல வேன் ஓட்டி, சைக்கிள்ல போன ஒரு பெரியவர் மேல ஏத்திட்டான். அவர் அங்கயே இறந்துட்டார்." அமலராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஜெயிலுக்குப் போயிட்டு வர்ற வழி மட்டும்தான், டீச்சர்."